கதவைத் தட்டாத போலீஸ்காரர்: கரக் சிங் வழக்கிலிருந்து ஸ்மார்ட்போன் வரை

இந்த எபிசோடில் செல்போன் கண்காணிப்பைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். "நம்ம போன் நம்மளை ஒட்டுக்கேட்குதா?" என்ற சந்தேகம் இன்றைக்கு எல்லோருக்கும் இருக்கு. அதற்கு பதில் சொல்லும் டெக் வீடியோக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நம் வேலை வரலாறு பேசுவது. அதனால் நான் செல்போனில் ஆரம்பிக்கவில்லை. இந்தியாவுக்கு செல்போன் வருவதற்கு 33 வருடம் முன்னால், 1962-ல், உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பில் ஆரம்பிக்கிறேன். அந்த வழக்கில் வரும் ஆறு விதிகளைக் கேட்டால், போனில் இன்றைக்கு நடப்பது உங்களுக்குத் தானாகவே புரிந்துவிடும்.

ஆறு விதிகள்

உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடிக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை. விட்டுவிடுகிறார்கள். வழக்கு முடிந்தது, இனி நம் வேலையைப் பார்க்கலாம் என்றால், அதுதான் இல்லை. போலீஸ் அவர் பெயரில் ஒரு ஹிஸ்டரி ஷீட் திறக்கிறது. நம்ம ஊர் பத்திரிகைகளில் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று எழுதுவார்களே, அந்தப் பதிவேடுதான். குற்றம் நிரூபணமாகாத ஒரு மனிதர் நிரந்தரக் கண்காணிப்புக்குள் போய்விடுகிறார்.

கண்காணிப்பு என்றால் போலீஸ் என்னென்ன செய்யலாம்? உ.பி. போலீஸ் விதிமுறைகளில் 236-வது விதி அதைத் தெளிவாக எழுதி வைத்திருந்தது. ஆறு உட்பிரிவுகள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, அவர் வீட்டையும் வீட்டுக்கு வரும் வழிகளையும் ரகசியமாகக் கவனிப்பது.

இரண்டு, இரவில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது.

மூன்று, அவருடைய பழக்கவழக்கம், சகவாசம், வருமானம், செலவு, தொழில் பற்றி அவ்வப்போது விசாரிப்பது.

நான்கு, அவர் எங்கே போகிறார், எப்போது வீட்டில் இல்லை என்று கான்ஸ்டபிள்களும் ஊர்ச் சௌகிதாரும் மேலே தகவல் சொல்வது. சௌகிதார் என்றால் அந்த ஊர்க் காவலாளி, நம்ம பக்கத்துத் தலையாரி மாதிரி.

ஐந்து, அவர் போன இடங்களுக்கு விசாரணைச் சீட்டு அனுப்பிச் சரிபார்ப்பது.

ஆறு, இப்படிக் கிடைக்கும் எல்லாத் தகவலையும் ஹிஸ்டரி ஷீட்டில் சேர்த்து வைப்பது.

இந்த ஆறையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் தேவைப்படும்.

கரக் சிங் நீதிமன்றத்தில் சொன்னது இது. நடு ராத்திரியில் சௌகிதாரும் போலீஸ்காரர்களும் வந்து கதவைத் தட்டுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், தூக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள். சில சமயம் எழுப்பி ஸ்டேஷனுக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வெளியூர் போக வேண்டும் என்றால், எங்கே போகிறேன், எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உடனே அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அங்கேயும் இதே கண்காணிப்பு தொடரும்.

இது புதுசு இல்லை

இந்த முறை தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். பிரிட்டிஷ் அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் அமலானது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிய சட்டம். பிறமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்களைப் பதிவேட்டில் சேர்த்து, கைரேகை எடுத்து, ராத்திரியில் கண் எதிரே படுக்கச் சொன்னார்கள். வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள்.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு வர மாட்டோம் என்று மக்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ரேகை வைக்க மாட்டேன், பெயர் எழுதவிட மாட்டேன் என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். தகவல் கொடுப்பது என்பது வெறும் தகவல் கொடுப்பது அல்ல என்று எந்தச் சட்டப் புத்தகமும் படிக்காத அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் ராத்திரி ஆஜர், சீட்டு, பதிவேடு என்ற கருவிகள் எல்லாம் போலீஸ் கையேடுகளில் அப்படியே தங்கிவிட்டன. கரக் சிங் தலையில் விழுந்தது அந்த மிச்சம்தான்.

சத்தம் போட்டால் தப்பு, சத்தமில்லாமல் செய்தால் சரி

1962 டிசம்பர் 18. ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போனவர்.

இரவில் வீட்டுக்குள் போய் எழுப்புவது செல்லாது என்று பெரும்பான்மை சொன்னது. ஒரு மனிதனின் வீடு அவனுக்குக் கோட்டை, தூக்கம் அவன் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்ற பார்வையில், இரண்டாவது உட்பிரிவை ரத்து செய்தார்கள். நல்ல விஷயம்தான்.

மீதி ஐந்து? அவை செல்லும் என்று விட்டுவிட்டார்கள். காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். ரகசியமாகக் கவனித்தால் அந்த ஆளுக்கே தெரியாது. தெரியாதபோது அவருடைய நடமாட்டத்துக்கு என்ன தடை? யாரும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லையே என்பது வாதம். அப்படியே தெரிந்து மனசு சங்கடப்பட்டாலும், அரசியல் சட்டம் பாதுகாப்பது உடலின் நடமாட்டத்தை. மனச் சங்கடத்தை அல்ல. அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று நம் அரசியல் சட்டத்தில் இல்லை. இதுதான் அன்றைய முடிவு.

எளிமையாகச் சொன்னால், கதவைத் தட்டுவது தப்பு. தட்டாமல் வெளியே நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது தப்பில்லை.

இரண்டு நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கே. சுப்பா ராவும் ஜே.சி. ஷாவும். சுப்பா ராவ் ராஜமுந்திரிக்காரர், மெட்ராஸில் சட்டம் படித்தவர், பிற்காலத்தில் தலைமை நீதிபதி ஆனவர். அவர் கேட்ட கேள்வியை என் வார்த்தையில் சொல்கிறேன்: போகிற இடமெல்லாம் போலீஸ் பார்வை பின்னால் வருகிறது என்றால், அந்த மனிதனுக்கு நாடே ஜெயில்தானே? கம்பி தெரியவில்லை என்பதற்காக அது ஜெயில் இல்லையா? உடலை அடைப்பதை விட மனதை அடைப்பது ஆழமானது என்று அவர் எழுதினார். ஆறு உட்பிரிவும் செல்லாது என்பது அவர் தீர்ப்பு. ஆனால் நான்கு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். சுப்பா ராவ் எழுதியது காகிதத்தில் தங்கிவிட்டது.

அது மறுபடி எழுந்து வர 55 வருடம் ஆச்சு.

ஒட்டுக்கேட்பின் காலம்

இடையில் கண்காணிப்பு வீட்டு வாசலிலிருந்து தொலைபேசிக் கம்பிக்கு மாறுகிறது. இதற்கான சட்டம் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். அதன் 5-வது பிரிவு, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால் அரசு செய்திகளை இடைமறிக்கலாம் என்றது. யார் உத்தரவு போடலாம், எத்தனை நாளைக்கு, பதிவான பேச்சை என்ன செய்வது? சுதந்திர இந்தியாவில் பல பத்தாண்டுகள் வரை இதற்கு முறையான விதிகள் எதுவும் வகுக்கப்படவில்லை.

விளைவு அரசியலில் தெரிந்தது. 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டில் பதவி விலகினார். 1991 மார்ச்சில், டெல்லியில் ராஜீவ் காந்தி வீட்டருகே வேவு பார்த்ததாக ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பிடிபட்டார்கள். அந்தப் பிரச்சினையில் காங்கிரஸ் முறுக்கிக்கொண்டது, பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். ஒரு மத்திய அரசே போனது.

இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பேன். 1991-ல் கூட ஒருவரை வேவு பார்க்க இரண்டு ஆட்கள் நேரில் போய் நிற்க வேண்டியிருந்தது. ஆள் நின்றால் சம்பளம் வேண்டும், ஷிஃப்ட் வேண்டும். ஆள் நின்றால் கண்ணில் படுவான், மாட்டிக்கொள்வான். எந்தச் சட்டமும் கொடுக்காத பாதுகாப்பை இந்தச் செலவும் சிரமமும் பொதுமக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. கோடிக்கணக்கான வீடுகளுக்கு வெளியே நிற்க எந்த அரசிடமும் ஆள் கிடையாது.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு முக்கியமான வழக்கு. ஆட்டோ சங்கர் வழக்கு தெரியும். தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த அவர் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதில் போலீஸ், அரசு அதிகாரிகளோடு அவருக்கு இருந்த தொடர்புகள் வரும். சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. குடிமக்களுக்குத் தங்களைத் தனியாக விடச் சொல்லும் உரிமை உண்டு. வீடு, குடும்பம், திருமணம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அதிகாரிகள் தங்கள் அரசுப் பணியில் செய்ததை மறைக்க இந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அதாவது அந்தரங்கம் குடிமகனுக்கு, வெளிப்படைத்தன்மை அதிகாரத்துக்கு. நடைமுறையில் இன்றைக்கு இது தலைகீழாக இருக்கு என்பது வேறு கதை.

பிறகு ஒட்டுக்கேட்பு வழக்கு. அரசியல்வாதிகள் போன்களை ஒட்டுக்கேட்டது பற்றிய ஒரு சிபிஐ அறிக்கை 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில் வெளியானது. சில எண்களுக்கு அனுமதி உத்தரவையே காட்ட முடியவில்லை. பலவற்றில் அனுமதிக் காலம் முடிந்த பிறகும் ஒட்டுக்கேட்பு தொடர்ந்திருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகமான பியூசிஎல் வழக்குப் போட்டது. 1996-ல் தீர்ப்பு. தேதி என்ன தெரியுமா? டிசம்பர் 18. கரக் சிங் தீர்ப்பு வந்து சரியாக 34 வருடம்.

தொலைபேசிப் பேச்சும் அந்தரங்கம்தான் என்றது நீதிமன்றம். உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும், உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம் தாண்டக்கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு சரிபார்க்க வேண்டும். ஆனால் நீதிபதியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. உத்தரவு போடுவதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. 2013-ல் ஆர்டிஐ மூலம் கிடைத்த தகவலின்படி மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 250-க்குக் குறையாமல். ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு அதிகாரியால் முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

நாமே வாங்கிய சௌகிதார்

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு என்று பதிவானது அது.

செல்போன் வேலை செய்ய வேண்டுமானால், அது எந்த டவர் பக்கத்தில் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்பை எங்கே அனுப்புவது? ஆக, இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பது அந்தக் கருவியின் அடிப்படை. 2007-ல் ஐபோன், 2008-ல் ஆண்ட்ராய்டு. அதன் பிறகு ஜிபிஎஸ், கேமரா, மைக், விளம்பரங்களுக்காக ஒவ்வொரு போனுக்கும் ஒரு அடையாள எண், நூற்றுக்கணக்கான ஆப்கள். 1991 வரை நம்மைக் காத்த அந்தச் செலவும் சிரமமும் காணாமல் போயின. இப்போது வாசலில் ஆள் நிற்க வேண்டாம். நாமே காசு கொடுத்து வாங்கி, நாமே ரீசார்ஜ் பண்ணி, தலைமாட்டிலேயே வைத்துத் தூங்குகிறோம்.

இப்போது அந்த ஆறு விதிகளைத் திரும்பப் பார்ப்போம்.

வீட்டையும் வழிகளையும் கவனிப்பது: லொகேஷன். ராத்திரி எங்கே இருக்கிறீர்களோ அது வீடு, பகலில் எங்கே இருக்கிறீர்களோ அது ஆபீஸ். இரண்டையும் யாரும் கேட்கத் தேவையில்லை.

வருமானம், செலவு, சகவாசம் விசாரிப்பது: எஸ்எம்எஸ், காண்டாக்ட்ஸ். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்களைப் படித்தாலே சம்பளமும் செலவும் தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் கடன் ஆப்கள் என்ன செய்தன என்று ஞாபகம் இருக்கா? காண்டாக்ட் லிஸ்டை எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் மேலாளருக்கும் போன் போட்டுக் கேவலப்படுத்தினார்கள். படத்தை மார்பிங் செய்து அனுப்பினார்கள். அந்த அவமானத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு. கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், படங்கள், கால் பதிவுகளைத் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டியதாயிற்று.

நடமாட்டத்தை ஊர்க்காரரே தெரிவிப்பது: இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தும் உட்பிரிவு. சௌகிதார் வெளியாள் இல்லை, அதே ஊர்க்காரர். ஒரு ஆப் காண்டாக்ட்ஸ் கேட்கும்போது நாம் 'அலவ்' அழுத்தினால், நம் போனில் இருக்கும் ஐந்நூறு பேரின் பெயரையும் எண்ணையும் அவர்களைக் கேட்காமல் கொடுக்கிறோம். அந்த ஐந்நூறு பேருக்கும் அன்றைக்கு நாம்தான் சௌகிதார்.

விசாரணைச் சீட்டு: விளம்பர அடையாள எண். நீங்கள் ஒரு ஆப்பில் பார்த்ததையும் இன்னொரு ஆப்பில் வாங்கியதையும் ஒரே ஆள்தான் என்று பொருத்திப் பார்க்க உதவும் சீட்டு அது.

ஹிஸ்டரி ஷீட்: இவை எல்லாம் சேர்ந்து எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் நம் சித்திரம். கரக் சிங்குக்குத் தன் பெயரில் ஒரு பதிவேடு இருப்பதாவது தெரியும்.

விட்டுப்போனது இரண்டாவது உட்பிரிவு, இரவு விசிட். அதற்கு இணையானது பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள். 2019-ல் வாட்ஸாப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்க சுமார் 1,400 போன்களில் அதை நுழைக்கப் பார்த்தார்கள். அழைப்பை எடுக்கக்கூட வேண்டாம். 2021 ஜூலையில் இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் எண்கள் குறிவைக்கப்பட்ட பட்டியலில் இருப்பதாகச் செய்தி வெளியானது. உச்ச நீதிமன்றம் அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. 2022 ஆகஸ்டில் முடிவு வந்தது: பரிசோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை. அந்த இடத்தில் விவகாரம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

1962-ல் நடந்த மாதிரியேதான் இன்றைக்கும். இரவு விசிட்டுக்கு நாடே அதிர்ச்சி அடைகிறது, பாராளுமன்றம் முடங்குகிறது. மீதி ஐந்தும் நாம் அழுத்திய 'அலவ்' பட்டனோடு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கு.

சுப்பா ராவ் திரும்பி வந்தார்

2012-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு 86 வயது. வழக்கில் மத்திய அரசு எடுத்த வாதம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்பது. ஆதாரமாகக் காட்டியது 1954-ன் எம்.பி. சர்மா தீர்ப்பையும் நம்ம கரக் சிங் தீர்ப்பையும்.

எம்.பி. சர்மா வழக்கைத் தீர்த்தது எட்டு நீதிபதிகள். அதைத் தாண்ட ஒன்பது பேர் உட்கார வேண்டும். உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24, ஒன்பது பேரும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். கரக் சிங் தீர்ப்பில் அந்தரங்க உரிமை இல்லை என்று சொன்ன பகுதி தவறு, சுப்பா ராவ் பார்வையே சரி என்றார்கள். அரசு அந்த உரிமையில் கை வைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவு தாண்டக்கூடாது.

தீர்ப்பு வெறும் காகிதம் இல்லை. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011-ல் போடப்பட்ட ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். லஞ்ச வழக்கு என்றாலும், சாதாரணக் குற்ற விசாரணைக்கு ரகசிய ஒட்டுக்கேட்பைப் பயன்படுத்த முடியாது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இருந்தால்தான் முடியும் என்றார். பேப்பரில் ஒரு மூலையில் வந்த செய்தி அது. அதன் வேர் கரக் சிங் வீட்டு வாசலில் இருக்கு.

தனியார் கம்பெனிகளுக்கு? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், அழிக்கச் சொல்லவும் அதில் உரிமை உண்டு. 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியமான பிரிவுகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க அதே சட்டம் தாராளமாக இடம் வைத்திருக்கிறது.

சரி, நாம் என்ன செய்வது?

"என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. கரக் சிங்கிடமும் மறைக்க ஒன்றும் இல்லை என்று போலீஸே ஒப்புக்கொண்டு விட்ட பிறகுதான் பதிவேடு திறந்தார்கள்.

தட்டுகிற போலீஸ்காரரை எதிர்த்து அவரால் வழக்குப் போட முடிந்தது, ஏனென்றால் சத்தம் கேட்டது. நமக்குத் தேவை அதுதான்: கண்காணிப்பை மறுபடியும் சத்தம் போட வைப்பது. அந்த ஆறு விதிகளின் வரிசையிலேயே என் பழக்கங்களைச் சொல்கிறேன்.

லொகேஷன்: செட்டிங்ஸில் போய் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கு என்று பாருங்க. மேப், டாக்ஸி தவிர வேறு எதற்கும் 'எப்போதும்' என்ற அனுமதி தேவையில்லை. அவற்றுக்கும் 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' போதும். டார்ச் ஆப்புக்கு நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? டவருக்குத் தெரிவதை மட்டும் தடுக்க முடியாது. எங்கேயாவது தெரியாமல் போக வேண்டுமானால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இரவு விசிட்: அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்; ஓட்டையை அடைப்பது அதுதான். வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ஏபிகே ஃபைல் வந்தால் தொடாதீர்கள். பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் என்றால் ஐபோனில் லாக்டவுன் மோடு இருக்கு, போட்டுக்கொள்ளுங்கள். உளவு வெளியிலிருந்துதான் வரும் என்றும் இல்லை. வாட்ஸாப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இணைந்திருக்கா பாருங்க. மனைவி, மகள் போனைக் கண்காணிப்பதைப் பாசம் என்று சொல்லும் வீடுகள் நம் ஊரில் நிறைய. அதுவும் 236-வது விதிதான்.

விசாரணையும் சௌகிதார் வேலையும்: காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் அனுமதி கேட்டால் முதலில் 'வேண்டாம்' அழுத்துங்கள். பெரும்பாலான ஆப்கள் அப்படியும் வேலை செய்யும். செய்யாவிட்டால் அந்த ஆப் உண்மையில் எதற்காக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சீட்டு: ஆண்ட்ராய்டில் பிரைவசி, ஆட்ஸ் என்று போனால் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். ஐபோனில் டிராக்கிங் என்ற இடத்தில், ஆப்கள் கேட்பதையே நிறுத்தலாம். இரண்டு நிமிஷ வேலை.

பதிவேடு: கூகுள் கணக்கில் உங்கள் தேடல், லொகேஷன் வரலாறு தானாக அழியும்படி வைக்கலாம். வாட்ஸாப் பேக்கப்புக்கு என்கிரிப்ஷன் தனியாகப் போட வேண்டும். தானாக வராது.

இன்னொன்று. போனில் கேமராவோ மைக்கோ ஓடும்போது திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வரும். ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு. 2020, 2021-ல்தான் அது வந்தது. கதவு தட்டும் சத்தத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே பதிலி அது. அதைக் கவனிக்கக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

செட்டிங்ஸ் மட்டும் போதுமா என்றால் போதாது. 2025 நவம்பர் கடைசியில், விற்கும் ஒவ்வொரு புதுப் போனிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு ஆப்பை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவும் ஆப், நல்ல நோக்கம்தான் என்றார்கள். செய்தி வெளியே வந்ததும் எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை; கேள்வி கேட்டதால் நடந்தது.

கரக் சிங்குக்குப் பாதி நியாயம் கிடைக்க 21 வருடம் ஆச்சு, மீதிப் பாதிக்கு இன்னும் 55 வருடம். நமக்கு இருக்கும் வசதி அவருக்கு இல்லை. இன்றைக்குத் தூங்கும் முன் பெர்மிஷன் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்க. எந்த ஆப்புக்கு என்ன கொடுத்திருந்தீர்கள், எதைத் திரும்ப வாங்கினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.